காற்று வரும் இடத்துக்கு இரத்தமும் வர வேண்டும்

(ஆதரவாளர் கூடுகையில் ஆஸ்பத்திரி சிற்றாலயப் போதகர் ஆற்றிய உரை)



போதகர் எழுந்து நின்றால் பிரசங்கம் வரும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். இந்த முறை கமிட்டியார், "ஐயரவாள், வார்டில் நீங்கள் கற்றுக்கொண்ட ஒரு காரியத்தைச் சொல்லுங்கள், அது போதும்" என்று கேட்டுக்கொண்டார்கள். நான் கற்றுக்கொண்டவை அநேகம். அவற்றில் ஒன்றை மட்டும் ஒரு தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். அதையே இன்று சொல்லத் தீர்மானித்தேன். நுரையீரலுக்குள் காற்றும் இரத்தமும் எப்படி ஒன்றுக்கொன்று பொருத்தப்படுகின்றன என்பதே விஷயம். கேட்பதற்கு வைத்தியக் கல்லூரிப் பாடம்போல் இருக்கும். ஆனால் உங்கள் வீட்டில் மூச்சுக்குத் திணறுகிற ஒருவர் இருந்தால், இது உங்களுக்கும் தேவைப்படும்.

ஒரு இரவில் நடந்தது

ஏறக்குறைய 25 ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. ஆண்கள் வார்டில் ஒரு முதியவர் படுத்திருந்தார். நாற்பது ஆண்டுகள் பீடி குடித்தவர். மார்பு பீப்பாய்போல் உப்பியிருந்தது. உதட்டைக் குவித்துக் குவித்து மூச்சு விடுவார். மூக்கில் குழாய் வைத்து பிராணவாயு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சிலிண்டரின் மேலே கண்ணாடிக் குழலுக்குள் ஒரு சிறு குண்டு மிதக்கும், பார்த்திருப்பீர்கள். அது 1 என்ற கோட்டில் நின்றது.

நான் ஜெபம் செய்துவிட்டுப் புறப்படும்போது அவருடைய மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஐயரே, அப்பாவுக்கு மூச்சு முட்டுது பாருங்க. சிலிண்டர்ல நெறைய இருக்குதாம். ஆனா இவங்க கொஞ்சமாத்தான் விடுறாங்க. கொஞ்சம் கூட்டி வையுங்கய்யா" என்றாள். நர்ஸ் அடுத்த வார்டில் ஒரு அவசரத்தில் இருந்தார். எனக்கும் மனம் பொறுக்கவில்லை. தாகமாய் இருக்கிறவனுக்குத் தண்ணீரை அளந்தா கொடுப்பார்கள் என்று நினைத்து, திருகைத் திருப்பினேன். குண்டு 6 வரைக்கும் ஏறியது.

சற்று நேரத்தில் அவர் அமைதியாகத் தூங்கினார். முகத்தில் நிறம் வந்தது. மகள் அழுதுகொண்டே எனக்கு நன்றி சொன்னாள். நானும் சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

இரவு இரண்டு மணிக்குச் சுற்றி வந்த நர்ஸ் அவரை எழுப்பினார். எழுந்திருக்கவில்லை. உடம்பு சூடாகவும் வியர்த்தும் இருந்தது. நர்ஸ் குண்டைப் பார்த்ததும் காரியத்தைப் புரிந்துகொண்டார். பிராணவாயுவை முழுவதும் மூடாமல், பழைய அளவுக்குக் குறைத்து, டாக்டருக்கு ஆள் அனுப்பினார். முழுவதும் மூடினால் அதுவே உயிருக்கு ஆபத்து என்று எனக்குப் பிறகு சொன்னார்கள். விடியும்போது முதியவர் கண் திறந்து, தலைவலிக்கிறது என்று சொன்னார்.

"யார் திருப்பியது?" என்று டாக்டர் காலையில் கேட்டபோது, வார்டில் எல்லோரும் அந்த மகளைப் பார்த்தார்கள். அவள் என்னைக் காட்டிக்கொடுக்காமல் தலையைக் குனிந்துகொண்டாள். நான்தான் என்று சொன்னேன். டாக்டர் கோபிக்கவில்லை. என்னை டூட்டி ரூமுக்கு அழைத்துப்போய், ஒரு பழைய சார்ட்டின் பின்பக்கத்தில் படம் போட்டு விளக்கினார். அந்தப் படத்தைத்தான் இன்று உங்களுக்கு வார்த்தைகளால் வரைகிறேன்.

அரை கிரவுண்ட் அகலமான ஒரு நிலையம்

நம்முடைய நுரையீரல் காற்று நிரம்பிய இரண்டு பைகள் மாத்திரம் அல்ல. மூச்சுக்குழல் கிளை கிளையாகப் பிரிந்து கடைசியில் மிகச் சிறிய காற்றறைகளில் முடிகிறது. இந்த அறைகள் 30 கோடி முதல் 50 கோடி வரை இருக்கும். எல்லாவற்றையும் பிரித்து விரித்தால் ஏறக்குறைய அரை கிரவுண்ட் மனையை மூடிவிடலாம். ஒவ்வொரு அறையையும் சுற்றி நுண்ணிய இரத்தக்குழாய்கள் வலைபோல் பின்னியிருக்கின்றன. காற்றுக்கும் இரத்தத்துக்கும் நடுவே இருக்கும் சுவர் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான கனம். அந்தச் சுவர் வழியாகப் பிராணவாயு இரத்தத்துக்குள் போகிறது, கரியமிலவாயு வெளியே வருகிறது. ஒரு சிவப்பணு அந்த இடத்தைக் கடந்து போக முக்கால் விநாடிதான் எடுத்துக்கொள்கிறது. பிராணவாயுவை நிரப்பிக்கொள்ள அதற்குக் கால் விநாடி போதும்.

நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு மூச்சில் சுமார் 500 மில்லி காற்று உள்ளே போகிறது. அதில் 150 மில்லி குழாய்களிலேயே நின்றுவிடும். மீதி 350 மில்லிதான் அறைகளைச் சேரும். நிமிடத்துக்கு 12 மூச்சு என்று வைத்தால், ஏறக்குறைய 4 லிட்டர் புதுக்காற்று. இருதயம் அதே நிமிடத்தில் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்புகிறது. நாலுக்கு ஐந்து. கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மொத்தக் கணக்கு சரியாக இருந்தால் போதாது என்பதுதான் அந்த டாக்டர் எனக்குச் சொன்ன முதல் பாடம்.

நம்முடைய பெரிய பஸ் நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். காற்றறைகள்தான் பிளாட்பாரங்கள். சிவப்பணுக்கள் பஸ்கள். வெளியிலிருந்து ஏற வருகிற பயணிகள் பிராணவாயு. பஸ்ஸிலிருந்து இறங்கி வாசல் வழியாக ஊருக்குள் போகிறவர்கள் கரியமிலவாயு.

இரண்டு பிளாட்பாரம், இரண்டு பஸ், ஒவ்வொரு பஸ்ஸிலும் 40 இருக்கை. மொத்தம் 80 பயணிகள். சரியான கணக்கு. ஆனால் 80 பேரும் முதல் பிளாட்பாரத்தில் நிற்கிறார்கள். இரண்டாவதில் ஒருவரும் இல்லை. என்ன ஆகும்? ஒரு பஸ் நிறைந்து போகும், இன்னொன்று காலியாகப் போகும், 40 பேர் நின்றுவிடுவார்கள். "நிறைந்த பஸ்ஸிலேயே இன்னும் 40 பேரை ஏற்றிக்கொள்ளலாமே" என்று கேட்பீர்கள். நம் ஊர் பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள், படியிலும் தொங்குவார்கள். இரத்தத்தில் அது நடக்காது. ஒரு ஹீமோகுளோபின் மூலக்கூறில் நாலே இருக்கைகள். அவை நிறைந்துவிட்டால் அதன்பின் ஏறுவது மிகச் சொற்பம். ஆகவே நுரையீரலின் நல்ல பகுதி எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும், கெட்ட பகுதியிலிருந்து காலியாக வரும் இரத்தத்தின் குறையை அதனால் ஈடுகட்ட முடியாது. இரண்டும் இருதயத்தில் கலக்கும்போது, மொத்தத்தில் பிராணவாயு குறைந்துதான் இருக்கும்.

கரியமிலவாயுவின் காரியம் வேறு. இறங்குகிறவர்களுக்கு இருக்கைக் கணக்கு இல்லை. நோயாளி வேகமாக மூச்சு விட்டால், நல்ல பகுதிகள் அதிகமான கரியமிலவாயுவைத் தள்ளி ஓரளவு ஈடுகட்டிவிடும். அதனால்தான் பல நுரையீரல் வியாதிகளில் பிராணவாயு முதலில் குறைகிறது, கரியமிலவாயு சரியாகவே இருக்கிறது. பின்னது ஏறத் தொடங்கினால் நோயாளி களைத்துப்போகிறார் என்று அர்த்தம்.

இரண்டு விதமான குறை

பொருத்தம் தவறுவது இரண்டு விதம். இரண்டையும் நம் வார்டுகளில் பார்த்திருக்கிறேன்.

முதலாவது, இரத்தம் வருகிறது, காற்று வரவில்லை. நிமோனியாவில் காற்றறைகள் நீரால் நிறைந்துபோகும். ஒரு குழந்தை நிலக்கடலையை விழுங்கும்போது அது மூச்சுக்குழலில் அடைத்துக்கொள்ளும். அந்தப் பகுதிக்குப் போகிற இரத்தம் பிராணவாயு இல்லாமலே திரும்புகிறது. அப்படிப்பட்டவருக்கு நூறு சதவீதம் பிராணவாயு கொடுத்தாலும் முழுப் பலன் இல்லை. கதவு அடைத்த பிளாட்பாரத்துக்கு வெளியே எவ்வளவு பயணிகள் நின்றால் என்ன, உள்ளே நிற்கும் பஸ்ஸில் ஒருவரும் ஏற முடியாதே.

இரண்டாவது, காற்று வருகிறது, இரத்தம் வரவில்லை. காலில் உறைந்த இரத்தக்கட்டி ஒன்று பெயர்ந்து, இருதயம் வழியாகப் போய் நுரையீரல் குழாயை அடைத்துவிடும். பயணிகள் காத்திருக்கிறார்கள், பஸ் வரவில்லை. நோயாளி இழுத்து இழுத்து மூச்சு வாங்குவார். ஆனால் எக்ஸ்ரே பல சமயம் சாதாரணமாகத்தான் தெரியும். பிரசவத்துக்குப் பின்னும், எலும்பு முறிந்து நாள்கணக்கில் படுத்திருக்கும்போதும், பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் பின்னும் இது நேரக்கூடும். "நேற்றுவரை நன்றாக இருந்தாள், திடீரென்று மூச்சு முட்டியது" என்று சொல்லி அழுத குடும்பங்களோடு நான் உட்கார்ந்திருக்கிறேன்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு பரிசோதனை உண்டு. சுவாசிக்கிற காற்றிலும் இரத்தத்திலும் மிகச் சிறிதளவு கதிரியக்கப் பொருளைச் சேர்த்து, இரண்டும் எங்கெங்கே போகின்றன என்று தனித்தனியாகப் படம் எடுப்பார்கள். இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், காற்று இருந்தும் இரத்தம் இல்லாத இடம் பளிச்சென்று தெரியும். இப்போது பெரும்பாலும் சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள். ஆனாலும் சில நோயாளிகளுக்கு இந்தப் பழைய முறை இன்றும் பயன்படுகிறது.

சுகமான நுரையீரலிலும் பொருத்தம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இல்லை. நுரையீரலுக்குள் இரத்த அழுத்தம் மிகவும் மென்மையானது, உடம்பின் மற்றப் பகுதிகளில் இருப்பதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான். நாம் நிமிர்ந்து நிற்கும்போது சுமார் 30 சென்டிமீட்டர் உயரமுள்ள நுரையீரலின் உச்சிக்கு இரத்தம் ஏறுவதே சிரமம். அடிப்பகுதிக்குத் தாராளமாகப் போகும். காற்றும் அடிப்பகுதிக்குத்தான் அதிகம் போகிறது, ஆனால் இரத்தத்தின் வித்தியாசம் அதைவிடப் பெரிது. இதை 1960களில் லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் ஜான் வெஸ்ட் என்ற வைத்தியரும் அவருடைய தோழர்களும் கதிரியக்க வாயுவைக் கொண்டு அளந்து காட்டினார்கள். உச்சியில் இரத்தம் ஒரு பங்கு என்றால் காற்று மூன்று பங்குக்கு மேல். அடியில் இரத்தம் ஒரு பங்குக்குக் காற்று சுமார் 0.6 பங்குதான்.

இதனால் உச்சியில் பிராணவாயு மிகுதியாகத் தங்குகிறது. பெரியவர்களுக்குக் காசநோய் பெரும்பாலும் நுரையீரலின் மேல்பகுதியைப் பிடிப்பதற்கு இதையே காரணமாக வைத்திய நூல்கள் சொல்லுகின்றன. அந்தக் கிருமி பிராணவாயு மிகுந்த இடத்தில் செழிக்கும். பழைய காசநோய் வார்டின் எக்ஸ்ரே படங்களில் மேலே மேலே வெள்ளைத் திட்டுகளைப் பார்த்த எனக்கு, அது ஏன் என்று அன்றுதான் விளங்கியது.

உள்ளே இருக்கும் டைம் கீப்பர்

இத்தனை கோடி அறைகளில் எதற்குக் காற்று வருகிறது, எதற்கு வரவில்லை என்று பார்த்து இரத்தத்தைத் திருப்பி விடுவது யார்? மூளை அல்ல. அந்தந்த இடத்துச் சிறு இரத்தக்குழாய்களே இதைச் செய்கின்றன. ஒரு அறையில் பிராணவாயு குறைந்தால், அதற்குப் போகும் சிறு குழாய் சில விநாடிகளில் சுருங்கத் தொடங்கும். இரத்தம் அங்கே போகாமல் நல்ல அறைகளுக்குத் திரும்பும். பஸ் நிலையத்து டைம் கீப்பர், "இங்கே ஆள் இல்லை, வண்டியை அடுத்த பிளாட்பாரத்துக்கு விடு" என்று சொல்வதுபோல.

இதில் ஒரு ஆச்சரியம் உண்டு. உடம்பின் மற்ற இடங்களில் பிராணவாயு குறைந்தால் இரத்தக்குழாய்கள் விரியும். குறைந்த இடத்துக்கு அதிக இரத்தம் அனுப்ப வேண்டுமே. நுரையீரலில் மட்டும் நேர்மாறாகச் சுருங்குகின்றன. ஏனென்றால் மற்ற உறுப்புகள் பிராணவாயுவை வாங்குகின்றன, நுரையீரலோ கொடுக்கிறது. கொடுக்க முடியாத இடத்துக்கு இரத்தத்தை அனுப்பி என்ன பயன்? ஸ்வீடன் தேசத்தைச் சேர்ந்த வான் ஆய்லரும் லில்யெஸ்ட்ராண்டும் பூனைகளில் இதைக் கண்டு 1946இல் வெளியிட்டார்கள்.

பிறவாத குழந்தைக்கு இது எப்படி உதவுகிறது பாருங்கள். கருவில் இருக்கும்போது நுரையீரலில் காற்று இல்லை, நீர்தான் இருக்கிறது. ஆகவே அங்குள்ள குழாய்கள் சுருங்கியே இருக்கும். பெரும்பாலான இரத்தம் வேறு வழியாகப் போய்விடும். குழந்தை பிறந்து முதல் மூச்சுகளை இழுத்தவுடன் காற்று உள்ளே பாய்கிறது, குழாய்கள் விரிகின்றன, நுரையீரலுக்கு வரும் இரத்தம் பல மடங்கு கூடுகிறது. லேபர் வார்டுக்கு வெளியே நாம் காத்திருந்து கேட்கிற அந்த முதல் அழுகையில் இவ்வளவு காரியம் நடக்கிறது.

ஆனால் இந்த நல்ல ஏற்பாடே சில சமயம் கேடாகவும் முடியும். மலை உச்சியில் எல்லா அறைகளிலும் பிராணவாயு குறைவு. அப்போது எல்லாக் குழாய்களும் சுருங்கும். இரத்தத்தைத் திருப்பி விட வேறு இடம் இல்லை. அழுத்தம் ஏறி நுரையீரலில் நீர் கோர்த்துக்கொள்ளும். சமவெளியிலிருந்து இமயமலை உயரங்களுக்கு வேகமாகக் கொண்டுபோகப்பட்ட இந்தியப் படைவீரர்களிடம் 1960களில் நம் இராணுவ வைத்தியர்கள் இதை விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

என் கை செய்தது என்ன?

இப்போது அந்த முதியவரிடம் வருவோம். பீடிப் புகையால் அவருடைய நுரையீரலில் பல பகுதிகள் காற்று சரியாகப் போய்வர முடியாதபடி கெட்டுப்போயிருந்தன. ஆண்டுக்கணக்காக அவருடைய டைம் கீப்பர் அந்தப் பகுதிகளுக்கு இரத்தத்தைக் குறைத்து, மீதியிருந்த நல்ல பகுதிகளுக்குத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார். அந்த ஏற்பாட்டில்தான் அவர் உயிரோடு இருந்தார்.

நான் குண்டை 6க்கு ஏற்றினேன். பிராணவாயு கெட்ட அறைகளுக்குள்ளும் மெள்ளக் கசிந்து நிறைந்தது. டைம் கீப்பர் ஏமாந்துபோனார். "இங்கேயும் கூட்டம் வந்துவிட்டது" என்று பஸ்களை அங்கே திருப்பினார். ஏறுவதற்கு ஆள் இருந்தது, மெய்தான். ஆனால் இறங்கினவர்கள் வெளியே போகும் வாசல் அங்கே அடைத்திருந்தது. காற்று போய்வராத அறையிலிருந்து கரியமிலவாயு எப்படி வெளியேறும்? அது இரத்தத்தில் தேங்கியது. அதோடு, பிராணவாயு நிறைய ஏறும்போது ஹீமோகுளோபின் தன்னிடம் இருக்கும் கரியமிலவாயுவையும் இரத்தத்தில் இறக்கிவிடும். மூச்சு விடும் வேகமும் சற்றுத் தணிந்துவிடும். இப்படிப்பட்ட நோயாளிகளுக்கு மூச்சின் உந்துதல் குறைவதே முழுக் காரணம் என்று முன்பு கற்பித்தார்கள். 1980 முதல் நடந்த அளவீடுகள், இந்தப் பொருத்தம் குலைவதற்குப் பெரிய பங்கு உண்டென்று காட்டின.

கரியமிலவாயு மிகுதியானால் மயக்கம் வரும். நானும் அந்த மகளும் பார்த்துச் சந்தோஷப்பட்ட அமைதியான தூக்கம் அதுதான். முகத்தில் வந்த நிறமும் அதுதான்.

பிற்பாடு 2010இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் நடந்த ஒரு ஆய்வைப் பற்றி அந்த டாக்டரே எனக்குச் சொன்னார். மூச்சுத்திணறலோடு ஆம்புலன்சில் ஏற்றப்பட்ட 405 பேரில் ஒரு பகுதியினருக்கு வழக்கம்போல் அதிகப் பிராணவாயுவும், மற்றவர்களுக்கு அளந்து, 88 முதல் 92 சதவீதம் நிற்கும்படியும் கொடுத்தார்கள். அதிகமாகப் பெற்றவர்களில் 9 சதவீதம் பேர் இறந்தார்கள். அளந்து பெற்றவர்களில் 4 சதவீதம். அன்று நர்ஸ் 1 என்ற கோட்டில் வைத்தது கஞ்சத்தனம் அல்ல என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை.

குப்புறப் படுக்கச் சொன்ன நாட்கள்

2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனா வார்டில் இந்தப் பாடம் மறுபடியும் என் முன்னால் வந்தது. கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்ற ஒரு அம்மாள், "என் வீட்டுக்காரரை ஏன் ஐயா கவிழ்த்துப் போட்டிருக்காங்க? அவரு முகத்தக்கூடப் பாக்க முடியலையே" என்று கதறினார். இந்த முறை எனக்குப் பதில் தெரிந்திருந்தது.

மல்லாந்து படுக்கும்போது இருதயத்தின் பாரமும் வயிற்றின் பாரமும் நுரையீரலின் பின்பகுதியை நசுக்குகின்றன. அங்கே அறைகள் மூடிக்கொள்ளும். ஆனால் இரத்தம் அங்கேதான் மிகுதியாகப் போகிறது. பஸ் நிறைய, பயணி இல்லை. குப்புறப் படுக்கவைத்தால் பின்பகுதி பாரம் நீங்கித் திறக்கும், காற்று உள்ளே போகும். இரத்தமோ குப்புறப் படுத்தாலும் பெரும்பங்கு பின்பகுதிக்கே போய்க்கொண்டிருக்கும். இரண்டும் சந்தித்துக்கொள்ளும். 2013இல் பிரான்சிலும் ஸ்பெயினிலும் செயற்கைச் சுவாசத்தில் இருந்த 466 கடுமையான நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். மல்லாந்து கிடந்தவர்களில் 28 நாளுக்குள் 32.8 சதவீதம் பேர் இறந்தார்கள். நாள்தோறும் 16 மணி நேரத்துக்குக் குறையாமல் குப்புறப் படுக்கவைக்கப்பட்டவர்களில் 16 சதவீதம். புது மருந்து ஒன்றும் கொடுக்கவில்லை, ஆளைப் புரட்டிப் படுக்கவைத்ததுதான்.

ஒருவரைக் குழாய்களோடு பத்திரமாகப் புரட்ட நாலைந்து பேர் வேண்டும். முகத்தின் கீழே துணி வைத்து, கண்ணை மூடி, கையை மாற்றி மாற்றி வைக்க வேண்டும். கவச உடைக்குள் வியர்வை ஒழுக நம் நர்சுகளும் ஊழியர்களும் அதைச் செய்ததைக் கண்ணாடி வழியே கண்டேன். அந்த அம்மாளிடம், "முதுகுப் பக்கத்து நுரையீரல் திறக்கட்டும் என்றுதான் அம்மா, முகத்தை மறைப்பதற்கு அல்ல" என்று சொன்னேன். அவருக்கு எவ்வளவு விளங்கியதோ, ஆனால் அழுகையை நிறுத்தி, அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்பதாம் நாள் அவர் கணவர் குழாய் நீங்கிப் பேசினார். எல்லாருக்கும் அப்படி நடக்கவில்லை. அதையும் சொல்லாமல் விட்டால் நான் உண்மை பேசினவன் ஆகமாட்டேன்.

என் செமினரிப் பாடத்தில் இல்லாதது

ஒரு சரித்திரக் குறிப்பையும் சொல்லிவிடுகிறேன். செமினரியில் சபைச் சரித்திரம் படிக்கும்போது மிகுவேல் செர்வேட்டஸ் என்ற பெயரைப் படித்தேன். ஸ்பெயின் தேசத்து வைத்தியர். திரித்துவ உபதேசத்தை மறுத்ததற்காக 1553 அக்டோபர் 27ஆம் தேதி ஜெனீவாவில் எரிக்கப்பட்டார். பரீட்சைக்கு அவ்வளவுதான் எழுதினேன். அவருடைய அந்த இறையியல் புத்தகத்திலேயே, இரத்தம் இருதயத்தின் வலப்பக்கத்திலிருந்து நுரையீரல் வழியாகப் போய்க் காற்றோடு சேர்ந்து இடப்பக்கம் வருகிறது என்ற விவரமும் இருந்தது என்பதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. மனிதனுக்குள் ஆவி எப்படி வருகிறது என்று ஆராயப்போய் அவர் அதை எழுதினார். அந்தப் புத்தகத்தின் பிரதிகளையும் எரித்தார்கள். மூன்று மட்டுமே இன்று மிஞ்சியிருக்கின்றன.

அவருக்கும் 300 ஆண்டுகள் முந்தி, தமாஸ்கு பட்டணத்தில் படித்துக் கெய்ரோவில் வைத்தியம் செய்த இபன் அல்-நஃபீஸ் என்ற முஸ்லிம் அறிஞர் 1242இல் இதையே எழுதியிருந்தார். அது 1924இல்தான் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது. காற்றும் இரத்தமும் சந்திக்கும் நுண்ணிய குழாய்களைத் தவளையின் நுரையீரலில் கண்ணால் கண்டு எழுதியவர் இத்தாலியரான மல்பீகி, ஆண்டு 1661. அவனவன் மார்பில் ஒவ்வொரு நொடியும் நடக்கிற காரியத்தை மனிதர் அறிந்துகொள்ள இவ்வளவு காலம் சென்றது.

நீங்கள் மனதில் வைக்க வேண்டியவை

வீட்டுக்குப் போகும்போது நாலு காரியங்களை நினைவில் கொள்ளுங்கள்.

ஒன்று, பிராணவாயுவும் ஒரு மருந்து. அதற்கும் அளவு உண்டு. சிலிண்டரின் திருகைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். நோயாளி திணறினால் நர்சைக் கூப்பிடுங்கள். பீடி, சிகரெட், விறகடுப்புப் புகையால் வந்த நெடுநாள் சுவாச நோய்க்காரர் அளவுக்கு மிஞ்சித் தூங்கினாலும் கூப்பிடுங்கள். தூக்கம் எல்லாம் சுகம் அல்ல.

இரண்டு, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்து, அதன்பின் திடீரென்று மூச்சு முட்டினால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த இரவே கொண்டுவாருங்கள்.

மூன்று, அறுவைச் சிகிச்சை முடிந்தவரை டாக்டர் எழுந்து உட்காரவும், ஆழமாக மூச்சு இழுக்கவும், நடக்கவும் சொன்னால், "பாவம், படுத்திருக்கட்டும்" என்று தடுக்காதீர்கள். படுத்தே கிடந்தால் நுரையீரலின் அடியிலும் பின்னும் அறைகள் மூடும், காலில் இரத்தம் உறையும்.

நான்கு, விரலில் மாட்டும் சிறு கருவி காட்டும் எண் எல்லாருக்கும் ஒரே அர்த்தம் உடையதல்ல. சுகமாய் இருப்பவருக்கு 95க்கு மேல் இருக்க வேண்டும். அந்த முதியவரைப் போன்றவருக்கு 90 சரியாக இருக்கலாம். உங்கள் வீட்டுக்காரருக்கு எந்த எண் என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மகளைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். டூட்டி ரூமிலிருந்து வந்ததும் அவளிடம் போய், "அம்மா, உன் அப்பா மயங்கியது என்னால். நர்ஸ் சரியாகத்தான் வைத்திருந்தார். நான் தெரியாமல் திருப்பினேன். என்னை மன்னித்துவிடு" என்று கேட்டேன். அவள், "நல்லதுக்குத்தானய்யா செஞ்சீங்க" என்றாள். அந்த வார்த்தை எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை. நல்லதுக்கு என்று நினைத்த கையே அன்று அவரைக் கொல்லப் பார்த்தது. அன்பு இருந்தது, அறிவு இல்லை. இரண்டும் ஒரே இடத்தில் சேராவிட்டால், இரத்தம் ஓர் அறைக்கும் காற்று வேறோர் அறைக்கும் போனதுபோலத்தான்.

முதியவர் பன்னிரண்டாம் நாள் வீட்டுக்குப் போனார். அதன்பின் இரண்டு மார்கழிகளில் எங்களிடம் வந்து தங்கினார். ஒவ்வொரு முறையும் நான் கட்டிலருகே உட்கார்ந்தால், மூக்கில் குழாயோடு சிரித்துக்கொண்டே சிலிண்டரைக் காட்டி, "ஐயரே, கைய எடுத்து மடியில வச்சுக்கோங்க" என்பார். இன்றுவரைக்கும் வார்டில் அப்படித்தான் உட்காருகிறேன்.